ஐசியூ வாசலில் உங்களிடம் பேச வருபவர் யார்? மருத்துவமனை சமூகப் பணியாளரின் வேலை மாறிய கதை

பைக் விபத்தில் தலையில் அடி. மூன்று நாளாக வென்டிலேட்டர். டாக்டர்கள் ‘மூளைச்சாவு’ என்கிறார்கள். ஆனால், அம்மாவின் கண்ணுக்கு மகனின் நெஞ்சு ஏறி இறங்குவது தெரிகிறது. தொட்டால் உடம்பு சூடாக இருக்கிறது. “மூச்சு வருதே, அப்புறம் எப்படி போயிட்டான்னு சொல்றீங்க?” என்று எந்தத் தாயும் கேட்கத்தான் செய்வார்.

இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்பவர்தான் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர். மருத்துவம், நர்சிங் படித்தவர்களோடு எம்.எஸ்.டபிள்யூ படித்தவர்களும் இந்த வேலைக்கு வருகிறார்கள். சமூகப் பணியாளருக்கு ஐசியூவில் என்ன வேலை?

தொடக்கம் எங்கே?

1895-ல் லண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனை, மேரி ஸ்டீவர்ட் என்பவரை வேலைக்கு வைத்தது. வசதி உள்ளவர்களும் இலவச சிகிச்சைக்கு வருகிறார்களா என்று விசாரிப்பது அவருடைய முக்கிய வேலை. சிம்பிளா சொன்னா, வாசலில் நின்று வடிகட்டுவது.

1905-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ரிச்சர்ட் கேபட் வேறு மாதிரி யோசித்தார். நோயாளியின் வீடு, வேலை, வருமானம் தெரியாமல் மருந்து எழுதி என்ன பயன்? மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் சமூகப் பணியாளரை நியமித்தார். இந்தியாவில் 1946-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் இந்தப் பணி தொடங்கியது.

இப்போது என்னவெல்லாம் செய்கிறார்கள்?

காசநோய்க்குக் குறைந்தது 6 மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். “வேலைக்குப் போகலன்னா சோறு இல்ல” என்ற நிலையில் இருப்பவர் பாதியில் நிறுத்திவிடலாம். மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவித்தொகை இருப்பதைச் சொல்லி, அது கைக்கு வர வழிசெய்து, சிகிச்சையை முடிக்க வைப்பதும் மருத்துவ வேலைதான். காப்பீட்டு அட்டைக்கு அலையும் குடும்பத்துக்கு வழிகாட்டுவது, டிஸ்சார்ஜுக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்று பேசி முடிப்பது எல்லாம் இதில் வரும்.

சட்டமும் மாறியிருக்கிறது. மனநல மருத்துவ சமூகப் பணியாளர் யார், என்ன படித்திருக்க வேண்டும் என்பதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் வரையறுத்தது. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், மருத்துவ சமூகப் பணியாளர்களையும் தன் பட்டியலில் சேர்த்தது.

மறுபடியும் அந்த ஐசியூ வாசல்

2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த அவருடைய பெற்றோர் தானம் செய்தார்கள். தமிழ்நாட்டில் உறுப்பு தான விழிப்புணர்வில் அது பெரிய திருப்பம். ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் இருவருமே டாக்டர்கள். மூளைச்சாவு என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மற்ற குடும்பங்களுக்கு?

அதற்குத்தான் ஒருங்கிணைப்பாளர். அவரை நியமிக்காத மருத்துவமனைக்கு உறுப்பு மாற்றுக்கான பதிவு கிடையாது என்கிறது 2011-ல் செய்யப்பட்ட சட்டத்திருத்தம்.

மூளைச்சாவை 4 டாக்டர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதிசெய்ய வேண்டும். உறுப்பு மாற்று சிகிச்சை செய்யும் டாக்டர்கள் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. இதையெல்லாம் குடும்பத்துக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். மூளைத்தண்டு நிரந்தரமாகச் செயலிழந்துவிட்டது, நெஞ்சை ஏற்றி இறக்குவது மெஷின் என்பதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். அதன் பிறகே தானம் பற்றிய பேச்சு.

இங்கேதான் சிக்கல். அழுகிறவருக்கு ஆறுதல் சொல்லும் அதே ஆள்தான் உறுப்பையும் கேட்கிறார். அவசரப்படுத்தினால் நம்பிக்கை உடையும். தயங்கி நின்றால், உறுப்புக்காகக் காத்திருக்கும் இன்னொருவரின் வாய்ப்பு போகும். குடும்பம் “வேண்டாம்” என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும். ஆறுதல் மட்டும் நிற்கக் கூடாது.

நாம் என்ன செய்யலாம்?

நீங்கள் உறுப்பு தான அட்டை வாங்கியிருந்தாலும், கடைசியில் குடும்பத்திடம்தான் கேட்பார்கள். அதனால் உங்கள் விருப்பத்தை இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள். அந்த வாசலில் “அவனே இதைத்தான் சொன்னான்” என்ற ஒரு வரி, உங்கள் அம்மா மேல் விழும் பாரத்தில் பாதியைக் குறைக்கும்.