மிக்சி கப்ளர் பக்கத்தில் ஒரு ரயில்

வேலூர் பாகாயத்தில் நான் வைத்திருப்பது எலக்ட்ரிகல் கடை. ஸ்விட்ச், ஹோல்டர், இன்சுலேஷன் டேப், ஃபேன் கெப்பாசிட்டர், மிக்சி கப்ளர் என்று வருஷம் முழுக்க ஒரே வியாபாரம்தான். நவம்பர் கடைசியில் சீரியல் செட்டும் பேப்பர் ஸ்டாரும் முகப்பில் தொங்க ஆரம்பிக்கும். பின்னாலேயே கண்ணாடி கவுன்டர் மேல் ஒரு பிளாஸ்டிக் தண்டவாளம் வட்டமாக ஏறி உட்காரும். பொங்கல் வரை அதில் ரயில் ஓடிக்கொண்டே இருக்கும்.

"இன்னா பாய், கரண்ட் சாமான் கடைல பொம்மை?" என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்பார்கள். பழைய ஆட்கள் கேட்க மாட்டார்கள். "ரயிலு வந்துருச்சா?" என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போவார்கள்.

டிசம்பரில் எங்கள் பக்கம் வந்தால் இந்த அதிசயத்தை நிறையக் கடைகளில் பார்க்கலாம். பாகாயத்தில் டவுன் பஸ் ஏறி சிஎம்சி ஆஸ்பத்திரி வரை ஜன்னலோரம் உட்கார்ந்து வாருங்கள். ஜெராக்ஸ் கடை வாசலில் ரிமோட் கார் தொங்கும். லைனிங் துணியும் ஃபாலும் விற்கிற கடையில் கரடி பொம்மை இருக்கும். பேக்கரியில் பிளம் கேக் அடுக்குக்கு மேலே ரயில் பெட்டிகள் அடுக்கியிருப்பார்கள். ஆம்பூர்ப் பக்கம் செருப்புக் கடைகளிலும் குழந்தைகள் ஷூ வைக்கிற அலமாரியில் பொம்மைக்கு ஒரு தட்டு ஒதுங்கிவிடும். பொங்கலுக்குப் பிறகு தேடினால் இவை எதுவும் இருக்காது.

காரணம் வாடகைதான். பொம்மை மட்டுமே விற்கிற கடை ஒன்றைப் பாகாயம் மாதிரி ஊரில் பன்னிரண்டு மாதமும் நடத்த முடியாது. பிறந்தநாளுக்கு ஒன்று, காது குத்துக்கு ஒன்று என்று விற்கும் காசு கரண்ட் பில்லுக்குத்தான் சரியாக இருக்கும். தீபாவளியில் குழந்தைகள் கேட்பது பட்டாசு, புதுத்துணி. இங்கே பொம்மைக்கென்று இருக்கிற ஒரே சீசன் கிறிஸ்துமஸ். இந்த வட்டாரத்தில் அது சின்ன சீசனும் இல்லை. அமெரிக்க ஆற்காடு மிஷன் வந்து 170 வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சர்ச் என்று ஊரே அதைச் சுற்றித்தான் வளர்ந்தது. ஞாயிறு பள்ளிப் பரிசு, கேரல் ரவுண்ட்ஸில் கிறிஸ்துமஸ் தாத்தா கொடுக்கிற பொட்டலம், பேரனுக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்று எல்லாம் மூன்று வாரத்தில் வந்து விழும். அந்த மூன்று வாரத்துக்குப் புதுசாகக் கடை எடுக்க முடியாது. கவுன்டரும் வாடிக்கையும் கையில் இருக்கிறவர்கள் சென்னை பாரிமுனைக்கு ஒரு நடை போய்ச் சரக்கெடுத்து வந்துவிடுகிறார்கள்.

விளையாட்டு ரயிலைப் பொறுத்தவரை, அது பொம்மைக் கடையில் விற்பதைவிட வேறு கடையில் விற்பதே நியாயம் என்பேன். அதைச் செய்த பெரிய கம்பெனி ஒன்றின் பிறப்பே அப்படித்தான்.

1901-ல் நியூயார்க்கில் ஜோசுவா லயனல் கோவன் என்று ஓர் இளைஞர் இருந்தார். சின்ன மின்விசிறி ஒன்றுக்காக அவர் செய்த மோட்டார் கையில் இருந்தது. விசிறி விலை போகவில்லை. அந்த மோட்டாரை ஒரு திறந்த மரப்பெட்டிக்கு அடியில் பொருத்திச் சக்கரம் வைத்து, வட்டத் தண்டவாளத்தில் பேட்டரியால் ஓடவிட்டார். கடை ஜன்னலில் வைக்கிற சாமானை இந்த வண்டியில் ஏற்றி ஓடவிட்டால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள் என்பதுதான் யோசனை. மன்ஹாட்டனில் ஒரு கடைக்காரர் வாங்கி ஜன்னலில் வைத்தார். ஜனங்கள் நின்றார்கள், உள்ளேயும் வந்தார்கள். ஆனால் வண்டியில் இருந்த சாமானை விட்டுவிட்டு, வண்டியைத்தான் விலைக்குக் கேட்டார்கள். அங்கிருந்து வளர்ந்ததுதான் லயனல் கம்பெனி. கூட்டம் சேர்க்க வைத்த பொருள்தான் கடைசியில் வியாபாரமானது. ஃபேன் மோட்டார் விற்கிற நான் இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேனோ, ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1891-ல், ஜெர்மனியில் மேர்க்லின் கம்பெனி லைப்சிக் சந்தையில் ஒரு முக்கியமான காரியம் செய்திருந்தது. தண்டவாள அகலங்களுக்கு அளவு வகுத்து, ரயிலைத் தொகுப்பாக விற்றது. அதுவரை பொம்மை ரயில் வாங்கினால் அதோடு கதை முடிந்தது. அளவு வந்த பிறகு இந்த வருஷம் எஞ்சின், அடுத்த வருஷம் பெட்டி, அதற்கடுத்து ஒரு பாலம் என்று சேர்க்கலாம். கிறிஸ்துமஸும் ரயிலும் இவ்வளவு ஒட்டிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். வருஷா வருஷம் வருகிற பண்டிகை, வருஷா வருஷம் நீளுகிற ரயில்.

அமெரிக்காவின் சிற்றூர்களில் இந்த ரயில்களை விற்றவர்கள் யார் தெரியுமா? இரும்புச் சாமான் கடைக்காரர், சைக்கிள் கடைக்காரர், ரேடியோ விற்றவர், டயர் விற்றவர். எல்லாம் நம்ம மாதிரி ஆட்கள். டிசம்பரில் டயரை ஒதுக்கி வைத்துவிட்டு முன் மேடையில் மலை, குகை, ஸ்டேஷன் எல்லாம் கட்டி ரயில் விடுவார்கள். ரயிலுக்கு மோட்டார், வயர், டிரான்ஸ்பார்மர் உண்டு. அது நின்றுபோனால் திறந்து பார்க்கத் தெரிந்தவன் விற்பதுதான் வாங்குகிறவருக்கும் நல்லது. இரண்டாம் உலகப்போரில் உலோகம் முழுக்க யுத்தத்துக்குப் போனபோது, 1943 கிறிஸ்துமஸுக்கு லயனல் அட்டையிலேயே ரயில் செய்து விற்றது. மடித்துச் செருகிக் கட்டுவது லேசான வேலை இல்லையாம். ஆனாலும் அந்த டிசம்பரை ரயில் இல்லாமல் விட அவர்களுக்கு மனசு வரவில்லை.

இனி என் கவுன்டருக்கு வருகிறேன். நான் விற்பது மாடல் ரயில் இல்லை, விளையாட்டு ரயில். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்து வாங்க வேண்டும். என்னிடம் உள்ளதில் எஞ்சினுக்குள் பென்சில் செல் போடணும். தண்டவாளம் வெறும் பிளாஸ்டிக், சக்கரம் ஓட ஒரு வழி, அவ்வளவுதான். மாடல் ரயிலில் எஞ்சினுக்குள் செல் கிடையாது. இரண்டு உலோகத் தண்டவாளத்திலும் 12 வோல்ட் டிசி ஓடும், சக்கரம் அதை எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கும். பிளஸ், மைனஸை மாற்றினால் வண்டி பின்னால் போகும். இரண்டு பக்கச் சக்கரமும் ஒன்றோடொன்று மின்சாரம் கடத்தாதபடி அச்சில் பிரித்திருப்பார்கள். இல்லாவிட்டால் ஷார்ட் ஆகிவிடும்.

உலகத்தில் அதிகம் புழங்கும் மாடல், நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. அதன் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். வெளிநாடுகளில் நிறையப் பாதைகள் 1,435 மில்லிமீட்டர் அகலம், அதை 87-ஆல் வகுத்தால் இந்தக் கணக்கு வரும். நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். அதை வகுத்தால் 19.3 வரணும். ஆகவே காட்பாடியில் பார்க்கிற எஞ்சினை அச்சு அசலாகச் செய்து அந்த 16.5 பாதையில் விட்டால், உடம்புக்குக் கால் கொஞ்சம் நெருங்கித்தான் நிற்கும். இதைச் சொன்னால் பத்தாவது படிக்கிற பிள்ளைகள் செல்போன் கால்குலேட்டரை எடுத்து வகுத்துப் பார்ப்பார்கள். அதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். நிஜமான மாடல் ரயில் உலகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களைப் புனேயில் ஜோஷி குடும்பத்தினரின் மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் போகச் சொல்வேன். 1998-ல் திறந்தது. ஒரு ஊரையே மேடை மேல் ஓடவிட்டிருக்கிறார்கள்.

ஆனால் ரயிலுக்கு நாம் வெளியூரைப் பார்த்து ஏங்க வேண்டியவர்கள் இல்லை. தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து நின்ற இடம் வாலாஜா ரோடு. ராணிப்பேட்டைக்கு அது பக்கத்து ஸ்டேஷன். சிஎம்சியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870 டிசம்பரில் பிறந்த ஊரும் அதே ராணிப்பேட்டைதான். இன்று அங்கே ஃபன்ஸ்கூல் கம்பெனியின் பொம்மைத் தொழிற்சாலை இருக்கிறது. எம்ஆர்எஃப் குழுமம் 1987-ல் தொடங்கிய கம்பெனி. கோவாவிலும் ராணிப்பேட்டையிலும் அவர்களுக்கு ஆலை உண்டு. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கும் பொம்மை செய்து அனுப்புகிறார்கள். என் அத்தா ஆம்பூர் டேனரியில் வேலை பார்த்தவர். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்றால் தோல், ஷூ என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். ஐரோப்பாக்காரர் பண்டிகைக்குப் போடுகிற ஷூவில் எங்கள் பெண்களின் தையல் இருக்கும். இப்போது அங்கே குழந்தைகள் பிரிக்கிற பொட்டலத்திலும் இந்த வட்டாரத்தின் உழைப்பு இருக்கலாம் என்று நினைத்தால் மனசு நிறைகிறது.

கடைகளில் பொம்மைச் சரக்கு மாறியதற்கும் கணக்கு இருக்கிறது. 2020 பிப்ரவரியில் பொம்மை இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-ல் 70 ஆனது. நடுவில் 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மையை விற்கவே கூடாது என்று சட்டம் வந்தது. கிலோ கணக்கில் கொட்டி விற்ற சீனச் சரக்கு குறைந்தது. விலை ஏறியது உண்மைதான், வாங்க வருகிறவர்கள் முகம் சுளிப்பதும் உண்மைதான். ஆனால் இந்தச் சட்டம் வேண்டும். பிள்ளைகள் பொம்மையை வாயில்தான் முதலில் வைக்கும். பெயின்டில் ஈயம் இருந்தால் அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

முத்திரையைப் பார்ப்பது எப்படி என்று கேட்கிறவர்களுக்குக் காட்டித் தருகிறேன். ஐஎஸ்ஐ அடையாளத்துக்கு மேலே தர எண் இருக்கும். சாதாரணப் பொம்மைக்கு 9873, கரண்டிலோ செல்லிலோ ஓடுவதற்கு 15644. அடையாளத்துக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் எண். வெறும் அடையாளம் மட்டும் இருந்து எண் இல்லையென்றால் வாங்காதீர்கள். சந்தேகம் வந்தால் பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். அடுத்தது, செல் போடுகிற மூடிக்கு ஸ்க்ரூ இருக்கிறதா என்று பாருங்கள். கையால் திறக்கிற மூடி உள்ள பொம்மையை நான் எடுப்பதே இல்லை. அதிலும் பட்டன் செல். ரூபாய்க் காசு போல் பளபளவென்று இருக்கும் அந்த வட்டச் செல்லைப் பிள்ளை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை எரித்துவிடும். ஒரு நிமிஷமும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மூன்று வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு மின்சார ரயிலே வேண்டாம். சென்னபட்டணத்து மர ரயில் வாங்குங்கள். வெட்பாலை மரத்தில் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றியது.

ஆஸ்பத்திரி என்றதும் டவுனில் இருக்கிற மெடிக்கல் ஷாப்புகளைச் சொல்லாமல் விடக் கூடாது. சிஎம்சிக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். வைத்தியம் முடியும்வரை லாட்ஜ் எடுத்து வாரக் கணக்கில் தங்குகிறார்கள். டிசம்பரில் ஊர் முழுக்க ஸ்டார் எரியும்போது ஒரு குழந்தை கையில் ஊசிப் பிளாஸ்டரோடு அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டு மருந்துக் கடை வாசலில் நிற்கும். மருந்துச் சீட்டைக் கொடுத்துவிட்டு அந்த அப்பா மேலே தொங்குகிற ரயிலைக் காட்டி, "இது எவ்வளவு?" என்று கை ஜாடையில் கேட்பார். மருந்துக் கடையில் பொம்மை எதற்கு என்று யாரும் அங்கே கேட்க முடியாது. அந்தத் தெருவில் அதைவிடச் சரியான இடம் வேறு இல்லை.

வாங்கிப் போகிறவர்கள் ரயிலை எங்கே ஓடவிடுகிறார்கள் என்று விசாரிப்பது எனக்கு வழக்கம். பெரும்பாலும் கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றித்தான். சாக்பீஸ் நிறத்தில் கசக்கிய காகித மலை, பச்சைச் சாயம் போட்ட மரத்தூள், குளத்துக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, நடுவில் மாட்டுத்தொழுவம். அதைச் சுற்றி என் கடை ரயில். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் மரத்தடியில் சுற்றுகிறது, இங்கே குடிலைச் சுற்றுகிறது. ஒரு அம்மா பிரவுன் பேப்பர் மலையில் குகை வைத்து ரயில் அதற்குள் போய் வருகிற மாதிரி செய்து போட்டோ எடுத்து வந்து காட்டினார்கள். வளைவில் குகையை வைத்திருந்தார்கள். அங்கே பெட்டி உரசும், நேர்ப்பாதையில் வையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

கிறிஸ்துமஸுக்குப் போன ரயில்கள் ஜனவரியில் ரிப்பேருக்கு வரும். "பாய், ஓடவே மாட்டேங்குது." நூற்றுக்குத் தொண்ணூறு மோட்டாரில் கோளாறே இருக்காது. தரையில் ஓடி ஓடித் தலைமுடியும் நூலும் அச்சில் சுற்றிக்கொண்டிருக்கும். வண்டியைத் திருப்பிப் பிடித்து, கூர்மையான இடுக்கியால் இழுத்து எடுத்தால் போதும். அடுத்தது செல் கசிவு. வெள்ளையாகப் பூத்திருக்கும் ஸ்ப்ரிங்கை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு புது செல் போடுங்கள். பழைய செல்லையும் புது செல்லையும் கலந்து போடக் கூடாது. பண்டிகை முடிந்து பெட்டியில் எடுத்து வைக்கும்போது செல்லைக் கழற்றிவிடுங்கள். இதற்கெல்லாம் நான் காசு வாங்குவதில்லை, எந்தக் கடையில் வாங்கிய ரயிலாக இருந்தாலும் சரி. கொண்டு வரும்போது தண்டவாளத்தில் ஒரு துண்டாவது சேர்த்துக் கொண்டு வாருங்கள், ஓட்டிப் பார்த்துத்தான் கொடுப்பேன்.