ஊர் மாறினும் பெயர் மாறாதிருக்க



சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு நேர்ந்த தொல்லை ஒன்றைக் கூறி இப்பேச்சைத் தொடங்குகிறேன். உதவித்தொகை ஒன்றிற்கு விண்ணப்பம் அனுப்ப அன்று கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் அது போய்ச் சேர வேண்டும். காலையில் விடுதி அறையில் அமர்ந்து, மடிக்கணினியின் உலாவியில் படிவத்தின் பெரும்பகுதியை நிரப்பிவிட்டேன். இடையில் மின்கலம் வற்றிக் கணினி அணைந்து போயிற்று. அதைத் தூக்கிக்கொண்டு நூலகத்திற்குச் சென்றேன். அங்கே மின்சாரம் கொடுத்து, நூலகத்தின் கம்பியில்லா வலையில் இணைத்து, உலாவியைத் திறக்க முயன்றேன். அது திறக்க மறுத்தது. இந்தக் கோப்புகளை வேறொரு கணினி பயன்படுத்திக்கொண்டிருக்கிறது என்ற பொருளில் ஓர் அறிவிப்பு மட்டும் தோன்றிற்று. வேறொரு கணினியா? என்னிடம் இருந்ததோ அந்த ஒன்றுதான். கடவுச்சொல்லும் அந்த உலாவியின் நினைவில் இருந்ததே தவிர, என் நினைவில் இல்லை. நண்பர் ஒருவர் வந்து காரணத்தைக் கண்டு சொல்வதற்குள் மணி ஐந்தரை ஆகிவிட்டது. விண்ணப்பம் போகவே இல்லை.

அவர் கண்ட காரணம் இதுதான். விடுதியில் என் கணினிக்கு ஒரு பெயர். நூலகத்தில் வேறொரு பெயர். நான் பயன்படுத்திய குரோமியம் என்னும் உலாவி, தான் வேலை செய்யும்போது கணினியின் பெயரை எழுதி ஒரு பூட்டுப் போட்டுக்கொள்கிறது. மின்சாரம் திடீரென நின்றதால் அந்தப் பூட்டைக் கழற்ற அதற்கு நேரமில்லை. பெயர் மாறாதிருந்தால், இது நம் பழைய பூட்டுதான் என்று அதுவே நீக்கியிருக்கும். பெயர் மாறியதால், பிறர் போட்ட பூட்டு என்று எண்ணி விலகி நின்றுவிட்டது. குற்றம் உலாவியுடையது அன்று, என்னுடையது. என் கணினிக்கு நான் பெயரே வைக்கவில்லை. ஆகவே, போன இடத்தார் வைத்த பெயரை அது ஏற்றுக்கொண்டது.

கணினிக்குப் பெயர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். வலையமைப்பில் கணினிகள் ஒன்றையொன்று எண்களாலேயே அறிகின்றன. மனிதருக்கோ எண்களை நினைவில் வைப்பது எளிதன்று. அமெரிக்காவில் 1969-ஆம் ஆண்டு அர்ப்பாநெட் என்னும் வலையமைப்பு தொடங்கியது. அவ்வாண்டின் முடிவில் அதில் இணைந்திருந்த இடங்கள் நான்கே. பின்னர் எண்ணிக்கை பெருகவே, கணினிகளின் பெயர்களையும் எண்களையும் ஒரே பட்டியலாக எழுதி ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் வைத்தார்கள். எலிசபெத் ஃபீன்லர் என்னும் அம்மையாரின் குழுவினர் அதனைப் பேணி வந்தனர். மற்றவர்கள் அதன் நகலைப் பெற்றுக்கொண்டனர். பட்டியல் நீள நீள இம்முறை தாங்கவில்லை. 1983-இல் பால் மாக்கபெட்ரிஸ் என்பவர், பெயர்களைப் பல இடங்களில் பகிர்ந்து வைக்கும் முறையை வகுத்தார். இன்றைய இணையம் அம்முறையின் மேல்தான் நிற்கிறது.

அக்காலத்துக் கணினிகள் அறையை அடைத்துக்கொண்டு ஓரிடத்தில் நின்றவை. நம் மடிக்கணினியோ வழிப்போக்கனைப் போன்றது. காலையில் வீடு, நண்பகலில் கல்லூரி, மாலையில் இரயில் நிலையம் என்று அது திரிகிறது. வழிப்போக்கன் ஒரு சத்திரத்தில் தங்கினால், சத்திரத்தார் அவனுக்கு அறை எண் ஒன்று கொடுக்கிறார்கள். அடுத்த ஊரில் வேறு சத்திரம், வேறு எண். அது இயல்பே. வலையமைப்பில் இவ்வாறு எண் வழங்கும் முறைக்கு டிஹெச்சிபி என்று பெயர். ஆனால் அறை எண்ணோடு சேர்த்துப் புதுப்பெயர் ஒன்றையும் சத்திரத்தார் சூட்டினால் என்ன ஆகும்? டிஹெச்சிபி முறையில் அதற்கும் இடம் உண்டு. சில வலைகளில், வழங்கிய எண்ணுக்குரிய பெயர் எது என்று தேடிப் பார்த்துக் கணினி அதனைத் தன் பெயராகக் கொள்வதும் உண்டு. எனக்கு நேர்ந்தது இதுவே.

இதைத் தடுக்கும் வழி எளியது. அதை விளங்கிக்கொள்ள, லினக்ஸ் கணினி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இன்றைய லினக்ஸ் வகைகள் பலவற்றில் கணினிக்கு மூன்று பெயர்கள் இருக்கலாம். முதலாவது நிலைப்பெயர். ஈடிசி என்னும் அடைவில் ஹோஸ்ட்நேம் என்ற கோப்பில் அது எழுதப்பட்டிருக்கும். இரண்டாவது தற்காலிகப் பெயர், வலையமைப்பு தருவது. மூன்றாவது அழகுப்பெயர்; மனிதர் பார்ப்பதற்காக மட்டும் அமைந்தது. நிலைப்பெயர் ஒழுங்காக இருந்தால், வலைகளை மேற்பார்க்கும் நெட்வொர்க் மேனேஜர் அதனையே காத்து நிற்கும். நிலைப்பெயர் இல்லாவிட்டாலோ, லோக்கல்ஹோஸ்ட் என்ற பொதுச்சொல் மட்டும் அங்கே இருந்தாலோ, வெளியார் தரும் பெயரைத் தேடத் தொடங்கும். வெற்றிடத்தில்தானே பிறர் வந்து அமர்வார்கள்!

ஆகவே முதல் வேலை, நிலைப்பெயரை நாமே வைத்துவிடுவது. நிர்வாகி உரிமையோடு ஹோஸ்ட்நேம்சிடிஎல் என்ற கட்டளையைத் தட்டி, செட்-ஹோஸ்ட்நேம் என்ற சொல்லையும், அதன்பின் விரும்பிய பெயரையும் இட்டால் போதும். இரண்டாவது வேலையைப் பலர் மறந்துவிடுகின்றனர். அதே அடைவில் ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பு ஒன்று உண்டு. டெபியன், உபுண்டு ஆகியவற்றின் வழக்கப்படி, அதில் 127.0.1.1 என்ற எண்ணுக்கு எதிரே புதிய பெயரை எழுத வேண்டும். 127 என்று தொடங்கும் எண்கள் கணினியை விட்டு வெளியே செல்லாதவை. எந்த வலையும் இல்லாத இடத்திலும் கணினி தன் பெயரைக் கேட்டால் தன்னையே அறிந்துகொள்ள இவ்வரி உதவுகிறது. இதை விட்டுவிட்டால், நிர்வாகி உரிமை பெறும் சூடோ கட்டளை, இந்தப் பெயருடைய கணினியைக் காணோம் என்று முறையிடக்கூடும். வீட்டு வலை தந்த எண்ணை அங்கே எழுதிவிடாதீர்கள். கல்லூரிக்குப் போனதும் அது பொய்யாகிவிடும். எல்லாம் முடிந்தபின் கணினியை ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் பழைய பெயரையே நம்பிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ், மேக் கணினிகளில் அமைப்புகள் பகுதிக்குள் சென்றே பெயரை மாற்றிக்கொள்ளலாம்.

எத்தகைய பெயரை வைப்பது? ஆங்கில எழுத்துகள், எண்கள், இடையே சிறு கோடு, இவை மட்டுமே ஏற்றவை. இடைவெளி கூடாது, கோட்டில் தொடங்குவதும் முடிவதும் கூடாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. ஒரு சொல்லின் நீளம் 63 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. விண்டோஸின் பழைய முறைகளோடும் ஒத்துப்போக விரும்பினால் 15 எழுத்துகளுக்குள் நிறுத்துவது நல்லது. தமிழில் எழுத வேண்டும் என்ற ஆசை இருந்தால், அழகுப்பெயர் அதற்கு இடம் தரும். கல்லூரியின் இணையப் பெயரையோ அலுவலகத்தின் பெயரையோ பின்னால் ஒட்டாதீர்கள். பல ஊர் போகும் கணினிக்கு ஓர் ஊரின் முத்திரை பொருந்தாது. ஒற்றைச் சொல்லே போதும். வீட்டிலுள்ள மற்ற கருவிகள் அச்சொல்லோடு ஒரு புள்ளியும் லோக்கல் என்ற சொல்லும் சேர்த்து அதனை அழைக்க வழியுண்டு. அதே பெயரில் இன்னொரு கணினி அங்கே முன்பே இருந்தால், பின்வந்தது அந்த வலையில் தன் பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்துக்கொள்ளும்.

இனி, யாவரும் கருத வேண்டிய ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நம் கணினி ஒரு வலையில் நுழைந்து எண் கேட்கும்போது, பெரும்பாலும் தன் பெயரையும் சொல்லியே கேட்கிறது. சுற்றியுள்ள கருவிகளுக்குத் தன்னை அறிவித்துக்கொள்வதும் உண்டு. மாணவி ஒருத்தி தன் முழுப்பெயரையும் கல்லூரியின் பெயரையும் கணினிக்கு வைத்தாள் என்று கொள்வோம். அவள் இரயில் நிலையத்திலும் சிற்றுண்டிச் சாலையிலும் அமரும்போது, முகம் அறியாதவரும் அவள் யார், அங்கே இருக்கிறாள் என்பதை அறிந்துகொள்ளக்கூடும். இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டவே 2017-இல் இணையப் பொறியியல் வல்லுநர் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. கணினிக்குச் சொந்தப் பெயரை வைக்காதீர்கள் என்ற அறிவுரையோ இன்னும் பழையது. டான் லைப்ஸ் என்பவர் 1990-இலேயே அதனை எழுதிவைத்தார். நம்பிக்கையில்லாத வலைகளில் பெயரைச் சொல்லாமலே எண் கேட்கும்படி அமைக்கவும் நெட்வொர்க் மேனேஜரில் வழியுண்டு.

அன்றிரவே என் கணினிக்குக் 'குருவி' என்று பெயரிட்டேன். ஆங்கிலத்தில் ஆறே எழுத்து. அப்பெயர் என்னைப் பற்றி எவருக்கும் எதையும் சொல்வதில்லை. கணினிக்கு மட்டும் தான் யார் என்பதை எப்போதும் சொல்கிறது. அதன்பின் எத்தனையோ வலைகளில் அது தங்கியிருக்கிறது. எண்கள் மாறின, பெயர் மாறவில்லை. தவறிப்போன உதவித்தொகை திரும்பி வரவில்லை. ஆனால் இரண்டு நிமிட வேலையைத் தள்ளிப்போட்டதன் விலையை நான் அறிந்துகொண்டேன். நீங்கள் அவ்விலையைக் கொடுக்க வேண்டாம். இன்றே உங்கள் கணினியின் பெயர் என்னவென்று கேட்டுப் பாருங்கள்.