மூன்று கிலோமீட்டர்த் தொலைவு

நாளை ரயிலேறி ஊர் திரும்ப வேண்டும். ரிஷிகேசத்து விடுதித் தாழ்வாரத்தில் அமர்ந்து, கங்கையின் இரைச்சலைக் கேட்டவாறே இதனை எழுதுகிறேன். திருக்கனூரிலிருந்தும் அண்டை ஊர்களிலிருந்தும் என்னோடு வந்த 22 பேரும் களைத்து உறங்குகின்றனர்.

நாங்கள் கண்டவை எத்தனையோ! தேவப்பிரயாகையில் அலக்நந்தாவும் பாகீரதியும் கலந்து கங்கை என்னும் பெயர் பெறுவதைக் கண்டோம். மழை பெய்தாலன்றி நீரோடாத சங்கராபரணியைக் கண்டு பழகிய எங்களுக்கு, ஓயாது பாயும் அவ்வாறுகள் பெருவியப்பை அளித்தன. ஆயினும் இன்றிரவு என் நெஞ்சில் நிற்பது, காணாமலே திரும்பிய ஒரு சிற்றூர்.

பத்ரிநாத்துக்கு அப்பால் 3 கிலோமீட்டரில் உள்ளது மாணா. குருமட நாள்களிலேயே அப்பெயர் என் மனத்தில் பதிந்துவிட்டது. 1624ஆம் ஆண்டில் இயேசு சபைக் குரு அந்தோனியோ தெ அந்திராதே ஆக்ராவிலிருந்து புறப்பட்டு, பத்ரிநாத் செல்லும் இந்து யாத்திரிகர்களோடு நடந்து, மாணாவைக் கடந்து திபெத்தின் சாப்பராங் நகரை அடைந்தார். 1626இல் அங்கே ஓர் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அவர் மிதித்த மண்ணில் ஒருநாள் நிற்கவேண்டும் என்பது என் முப்பதாண்டு ஆசை.

பத்ரிநாத்தை அடைந்த அன்றிரவே எங்கள் குழுவில் மூத்தவரான ஓர் அம்மையாருக்குத் தலைவலியும் வாந்தியும் கண்டன, மூச்சு வாங்கிற்று. அவ்விடம் ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரம். கடற்கரையில் நம் மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயுவில் 70 விழுக்காட்டளவே அங்கே கிடைக்கும். இந்நோய் முற்றினால் உயிருக்கே ஆபத்து. உடனே கீழே இறங்குவதே தலையாய மருந்து என்றார் மருத்துவர். எங்களுக்கு இருந்ததோ ஒரே பேருந்து. ஒருவர் இறங்கினால் அனைவரும் இறங்க வேண்டும்.

சிலர் முணுமுணுத்தனர். உண்மையை மறைப்பானேன்? வாய் திறவாமல் நானும் முணுமுணுத்தேன். விடியும்வரை பொறுத்து, மாணாவை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கலாகாதா என்று என் மனம் கணக்கிட்டது. அவ்வேளையில் அம்மையார் என் கையைப் பற்றி, “சாமி, என்னால எல்லாருக்கும் கெட்டுப்போச்சே” என்று கண் கலங்கினார். நான் வெட்கித் தலைகுனிந்தேன்.

வெளுக்கும் முன்பே புறப்பட்டோம். பேருந்து இறங்க இறங்க அவரது மூச்சு சீரடைந்தது. ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்திலுள்ள ஜோஷிமட்டை அடைந்ததும் சிறிது கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார். வழியெல்லாம் தம் கம்பளியை அவருக்குப் போர்த்தி, தாம் குளிரில் நடுங்கியபடி வந்தவர், முதல்நாள் மிகுதியாய் முணுமுணுத்த இளைஞரே!

அந்திராதே அடிகளாரும் முதன்முறை கணவாயைக் கடந்தாரில்லை. பனி மறிக்க, கால் மரத்து, பார்வை மங்கித் திரும்பினார். பின்னரே மீண்டும் ஏறி வென்றார். திரும்புதல் தோல்வியன்று என்பதை அவர் வரலாற்றில் படித்திருந்தேன். அதை உணர்ந்துகொள்ள ஓர் அம்மையாரின் மூச்சுத் திணறல் வேண்டியிருந்தது.

அன்பர்களே, நம் இல்லங்களிலும் மெல்ல நடப்போர் உண்டு: நோயுற்ற தந்தை, தளர்ந்த பாட்டி, படிப்பில் பின்தங்கிய பிள்ளை. அவர்களால் நம் பயணம் தடைப்படுவதாக எத்தனைமுறை உள்ளூர முணுமுணுத்திருக்கிறோம்! மாணாவை நான் காணவில்லை. ஆனால் எங்கள் 22 பேரும் இதோ, அடுத்த அறைகளில் அமைதியாக உறங்குகின்றனர்.