நீரைக் காக்கும் கழிப்பறை

கர்நாடக மாநிலத்தின் கோலார் மாவட்டத்தில் உள்ளது கோலார் தங்கவயல். 1880-ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே பொன் அகழ்ந்தனர். வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் பலர் குடும்பத்துடன் சென்று சுரங்கங்களில் உழைத்தனர். மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், ஆண்டர்சன்பேட்டை ஆகிய இடங்களில் இன்றும் தமிழ் ஒலிக்கிறது.

மண்ணுக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் சென்ற அவ்வூரில், மண்ணுக்கு மேலே நீர் அரிதாகவே இருந்தது. கோலார் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. பாலாற்று நீரைத் தேக்கும் பேத்தமங்கலம் ஏரியே சுரங்க நகருக்கு நீர் வழங்கியது.

தொழிலாளர் வாழ்ந்த ‘லைன்’ வீடுகளின் அருகே பொதுவான உலர் கழிப்பறைகள் இருந்தன. அவற்றிற்கு நீர் தேவைப்படவில்லை. ஆனால், கழிவை நாள்தோறும் மனிதர்களே வாளிகளில் அள்ளிச் சுமந்தனர். சாதியின் பெயரால் இவ்விழிதொழில் சில குடும்பங்களின்மீது சுமத்தப்பட்டிருந்தது. நீர் செலவாகவில்லை, மனித மானம் செலவாயிற்று.

அத்தகைய குடும்பம் ஒன்றில் 1966-ஆம் ஆண்டு தங்கவயலில் பிறந்தவர் பெசவாடா வில்சன். இக்கொடுமை ஒழிய வேண்டும் என அவர் நிருவாகத்தினருக்கும் அரசினருக்கும் தொடர்ந்து கடிதங்கள் எழுதினார். 1993-ஆம் ஆண்டு, கழிவகற்றும் பணியில் மனிதரை அமர்த்துவதையும் உலர் கழிப்பறை கட்டுவதையும் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. தங்கவயலின் உலர் கழிப்பறைகளை நீர்க் கழிப்பறைகளாக மாற்றவும், பணியாளர்க்கு வேறு வேலை வழங்கவும் நிருவாகம் முடிவு செய்தது. வில்சன் 2016-ஆம் ஆண்டு மகசேசே விருது பெற்றார்.

நீர்க் கழிப்பறையின் உயிர் எது? அதன் அடியில் உள்ள வளைந்த குழாய். அவ்வளைவில் எப்பொழுதும் சிறிது நீர் தங்கி நிற்கும். அது மூடிபோல் இருந்து, துர்நாற்றமும் பூச்சிகளும் மேலே வாராமல் தடுக்கும். வளைந்த குழாய் கொண்ட கழிப்பறைக்கு 1775-ஆம் ஆண்டு இலண்டனில் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரக் கலைஞர்.

மானம் காக்க நீர் வேண்டும், நீரோ அரிது. இரண்டையும் ஒருங்கே காப்பது எங்ஙனம்? இதற்கு நம் நாட்டிலேயே ஒரு விடை உண்டு. 1970-ஆம் ஆண்டு சுலப் நிறுவனத்தைத் தொடங்கிய பிந்தேசுவர் பாதக், செங்குத்தான சரிவுடைய கழிப்பறைக் கோப்பையைப் பரப்பினார். சரிவு மிகுதியாக இருப்பதால் கழிவு எளிதில் வழுக்கிச் செல்லும். ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் நீரை ஊற்றினாலே போதும்.

நகர வீடுகளில் உள்ள பழைய ஃபிளஷ் தொட்டிகள் சில, ஒரு முறைக்குப் பன்னிரண்டு லிட்டர் நீரைக் கொட்டுகின்றன. இரு பொத்தான்கள் உள்ள புதிய தொட்டியிலோ, சிறிய பொத்தானுக்கு மூன்று லிட்டரும் பெரிய பொத்தானுக்கு ஆறு லிட்டரும் செலவாகும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். நால்வர் வாழும் வீட்டில் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு ஐந்து முறை கழிப்பறைக்குச் செல்வதாகக் கொள்க. பழைய தொட்டியில் 20 × 12 = 240 லிட்டர் செலவாகும். புதிய தொட்டியில் ஒவ்வொருவரும் பெரிய பொத்தானை ஒரு முறையும் சிறிய பொத்தானை நான்கு முறையும் அழுத்தினால், ஒருவருக்கு 18 லிட்டர்; நால்வருக்கு 72 லிட்டர். மிச்சம் 168 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தால் அளந்தால் பதினொரு குடம் நீர்! குழாயடியில் காத்துக் குடம் சுமந்த தங்கவயல் அன்னையர்க்கு இதன் அருமை தெரியும்.

புதிய தொட்டி வாங்க இயலாதவர் என் செய்வது? ஒரு லிட்டர் புட்டியில் நீர் நிரப்பி, இறுக மூடி, பழைய தொட்டிக்குள் வைக்கலாம். புட்டி அடைக்கும் இடத்தின் அளவு நீர் ஒவ்வொரு முறையும் மிச்சமாகும். தொட்டி கசிகின்றதா என்பதையும் அறியலாம். தொட்டி நீரில் சிறிது உணவு வண்ணத்தைக் கலந்து, அரைமணி நேரம் கழித்துப் பாருங்கள். பொத்தானை அழுத்தாமலே கோப்பையில் வண்ணம் தெரிந்தால் கசிவு உண்டு எனத் தெளிக.

மாணவர்களே! நீங்கள் எந்த ஊரில் வாழ்ந்தாலும் இரண்டை மறவாதீர். நீரை வீணாக்கக் கூடாது. நம் கழிவைப் பிறர் கையால் அள்ளும் நிலையும் கூடாது. இரண்டும் காக்கப்படும் வீடே தூய்மையான வீடு.

சொற்பொருள்
அகழ்தல் – தோண்டுதல்
அரிது – எளிதில் கிடைக்காதது
ஒருங்கே – ஒன்றாக

வினாக்கள்
1. உலர் கழிப்பறை நீரைச் செலவழிக்காதிருந்தும் ஏன் ஒழிக்கப்பட வேண்டியதாயிற்று?
2. வளைந்த குழாயில் தங்கும் நீரின் பயன் யாது?
3. உங்கள் வீட்டுக் கழிப்பறையில் ஒரு நாளில் செலவாகும் நீரைக் கணக்கிட்டு எழுதுக.