கிளைமேட் ஒன்று, வெதர் வேறு

மேகம் மூடிச் சிலுசிலுவென்று காற்றடித்தால் போதும், "இன்னைக்கு கிளைமேட் சூப்பர்" என்கிறோம். அது சரியா என்று திருவாடானை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தமிழ்ப் பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். ஆங்கிலத்தில் எழுதினால் தவறு. இன்றைய வானத்துக்கு 'வெதர்' என்றுதான் எழுத வேண்டும்.

வெதர் எண்ண முடியாத பெயர்ச்சொல். முன்னால் 'ஏ' சேராது. 'இன் ஆல் வெதர்ஸ்' போன்ற ஓரிரு தொடர்கள் தவிரப் பன்மையும் இல்லை. கிளைமேட்டை எண்ணலாம்: ஊட்டிக்கு ஒன்று, திருவாடானைக்கு ஒன்று. வெதர் வினையாகவும் வரும். புயலைத் தாக்குப்பிடிப்பதும் வெதர்தான், வெயிலிலும் மழையிலும் பாறை உதிர்வதும் வெதர்தான். கிளைமேட் அப்படி வினையாவதில்லை.

இலக்கணத்தைவிடச் சுவையானது இதன் பின்னாலுள்ள இயற்பியல். உலை கொதிக்கும்போது அடுத்த குமிழி எங்கே கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. விறகைத் தள்ளினால் பொங்கும், இழுத்தால் அடங்கும் என்பதைச் சமைப்பவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். குமிழி வெதர். தீயும் பானையும் சேர்ந்து விதிப்பது கிளைமேட். கார்பன் டை ஆக்ஸைடு பானைக்கு மூடி; மூடியால் உலை சூடேறும் என்று சொல்ல, அடுத்த குமிழி தெரிந்திருக்கத் தேவையில்லை.

அக்டோபரில் சூரியன் தெற்கே நகர்ந்து, ஆசிய நிலம் கடலைவிட விரைவாகக் குளிர, காற்று திசை திரும்பி வங்கக் கடல் ஈரத்தோடு வருகிறது. இது தீயின் வேலை. இதை நம்பித்தான் திருவாடானைப் பக்கத்து விவசாயிகள் ஈரமே இல்லாத மண்ணில் புழுதி விதைப்பாக நெல்லை விதைத்துவிட்டு, கண்மாய் நிறையக் காத்திருக்கிறார்கள். விதைத்ததும் ஒரு தூறல் விழுந்து முளை கிளம்பி, அடுத்த மழை தள்ளிப்போய்ப் பயிர் கருகினால் அது குமிழியின் வேலை.

வரலாறு சுருக்கமாக: 1961இல் அமெரிக்காவில் வானிலையியலாளர் எட்வர்ட் லாரன்ஸ், கணினியில் ஓட்டிய வானிலைக் கணக்கில் 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் வேறொரு வானிலையே வந்து நின்றது. நாள்வாரிக் கணிப்பு சுமார் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்காததற்குக் காரணம், சின்ன வித்தியாசம் இப்படிப் பெரிதாவதுதான். நாற்பத்தைந்தாம் நாள் மதியம் மழை என்று காட்டும் செயலியை நம்பி விதைநெல்லை எடுக்காதீர்கள்.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. உடனே 'கிளைமேட் மாறிவிட்டது' என்று காணொளிகள் கிளம்பின. ஒரு நாள் மழை அதற்குச் சாட்சியாகாது. கிளைமேட் என்பது வழக்கமாக 30 ஆண்டுக் கணக்கு. இப்போது பின்பற்றுவது 1991 முதல் 2020 வரையிலான சராசரி. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். ஆகவே இப்படிக் கொட்டும் மழைக்கு வாய்ப்பு கூடுகிறது என்று சொல்லலாம். அது கிளைமேட் பற்றிய வாக்கியம். அடுத்து எந்த ஊரில் கொட்டும் என்பதை வானிலை ஆய்வு மையம் சில நாள் முன்னால்தான் சொல்லும், அதையும் சாத்தியமாகத்தான் சொல்லும்.