மீன் காட்டும் குட்டிக் கம்ப்யூட்டர்: வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

தஞ்சாவூர் என்றதும் நெல் வயல்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் இந்த மாவட்டத்திற்குக் கடலும் உண்டு. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் எல்லாம் பாக் விரிகுடாக் கரையில்தான் இருக்கின்றன. மல்லிப்பட்டினத்தில் பைபர் படகு வைத்திருக்கும் நண்பர் ஒருவர், விளம்பரத் தாள் ஒன்றுடன் என் வீட்டிற்கு வந்தார்.

"அண்ணே, மீன் காட்டுற மெஷின் வாங்கலாம்னு இருக்கேன். ரொம்ப ஆழம் வரைக்கும் பார்க்குமாம். நீங்க கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க, பார்த்துச் சொல்லுங்க" என்றார். கையில் 20 ஆயிரம் ரூபாய் வைத்திருந்தார். புது வலைக்காகச் சேர்த்த பணம். தவறான பொருளை வாங்கினால் வலையும் போச்சு, பணமும் போச்சு.

பிஷ் பைண்டர் என்னும் இந்தக் கருவியும் ஒரு கம்ப்யூட்டர்தான். நமக்குக் கீ போர்டு போல அதற்கு டிரான்ஸ்டியூசர். படகின் அடியில் இருக்கும் இது ஒலி அலையை நீருக்குள் அனுப்பும். தரையிலோ மீனிலோ பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பிடிக்கும். கடல் நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். 10 மீட்டர் ஆழம் என்றால் போய் வர 13 மில்லி செகண்ட். இந்த நேரத்தை வைத்துத்தான் உள்ளே இருக்கும் பிராசசர் ஆழத்தைக் கணக்கிட்டுத் திரையில் படம் வரைகிறது.

முதலில் ஆழக் கணக்கைப் பார்ப்போம். கார்மின் ஸ்ட்ரைக்கர் 4 போன்ற சின்ன மாடலே நன்னீரில் 1,600 அடி, கடலில் 750 அடி வரை பார்க்கும் என்கிறது. ஆனால் பாக் விரிகுடாவில் பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீட்டர் கூட இல்லை. அதாவது 50 அடிக்குள். எனவே, கூடுதல் ஆழத்திற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். டைப் செய்யவும் பாட்டுக் கேட்கவும் மட்டும் கம்ப்யூட்டர் வாங்குபவர் விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு போடுவது போல.

அடுத்தது அலைவரிசை. 50 கிலோ ஹெர்ட்ஸ் ஆழ்கடலுக்கு ஏற்றது. 200 கிலோ ஹெர்ட்ஸ் ஆழம் குறைந்த நீரில் நுணுக்கமாகக் காட்டும். நமக்கு இரண்டாவதே போதும். ஒலி கூம்பு வடிவில் இறங்குவதால், 20 டிகிரி கூம்பு 10 மீட்டர் ஆழத்தில் சுமார் மூன்றரை மீட்டர் அகல வட்டத்தை மட்டுமே பார்க்கும். படகைச் சுற்றியுள்ள கடல் முழுவதையும் காட்டும் என்று எண்ணாதீர்கள்.

மீனின் வயிற்றில் உள்ள காற்றுப் பையில்தான் ஒலி நன்றாக எதிரொலிக்கும். தரையோடு கிடக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் அந்தப் பை இல்லை. அவை திரையில் தெரியும் என்று நம்பி வாங்காதீர்கள். பாக் விரிகுடாவில் கடற்புல் படுகைகளும் உண்டு. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததற்கு இந்தப் புல்லே காரணம். திரையில் புல்லும் மீன் கூட்டம் போலத் தெரியலாம். மீன் படம் போட்டுக் காட்டும் பிஷ் ஐ.டி. வசதி மெஷினின் ஊகம்தான். அதை ஆப் செய்து விட்டு, நேரடி எதிரொலியைப் பார்த்துப் பழகுங்கள்.

அப்படியானால் பணத்தை எதற்குக் கொடுப்பது? ஜி.பி.எஸ்.க்கும் திரைக்கும். நல்ல மீன் கிடைத்த இடத்தையும், வலை கிழிந்த இடத்தையும் குறித்து வைத்தால் அடுத்த முறை நேராகப் போகலாம், அல்லது விலகிப் போகலாம். திரையைக் கடைக்கு வெளியே கொண்டு வந்து, உச்சி வெயிலில் தெரிகிறதா என்று பாருங்கள். ஐ.பி.எக்ஸ். 7 என்று இருந்தால் ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும். பேட்டரிக்குக் கவலை வேண்டாம். பல யு.பி.எஸ்.களில் இருக்கும் 12 வோல்ட், 7 ஏ.எச். பேட்டரியே சின்ன மாடலுக்குப் போதும். கால் ஆம்பியர் இழுத்தால் கணக்குப்படி 28 மணி நேரம் வரும். ஓர் இரவுத் தொழிலுக்குத் தாராளம்.

நண்பர் அப்படியே ஜி.பி.எஸ். உள்ள சின்ன மாடலை வாங்கினார். கடல் எல்லைப் புள்ளிகளையும் ஏற்றி விட்டதாகச் சொன்னார். எதற்கும் சரி பார்ப்போம் என்று என் கம்ப்யூட்டரில் கூகுள் மேப்பைத் திறந்தேன். அங்கேதான் தூக்கி வாரிப் போட்டது.

இந்தியா, இலங்கை இடையே 1974 ஒப்பந்தத்தில் உள்ள எல்லைப் புள்ளிகளில் ஒன்று வடக்கு 9 டிகிரி 57.0 நிமிடம், கிழக்கு 79 டிகிரி 35.0 நிமிடம். நண்பர் 9.57 என்று ஏற்றியிருந்தார். கருவி டெசிமல் டிகிரி செட்டிங்கில் இருந்தது. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் 9.57 டிகிரி என்றால் 9 டிகிரி 34.2 நிமிடம். அட்சரேகையில் மட்டும் புள்ளி சுமார் 42 கிலோமீட்டர் தெற்கே போய் விட்டது! எல்லை இன்னும் தூரத்தில் இருக்கிறது என்று திரையை நம்பிப் போயிருந்தால், படகும் ஆளும் திரும்புவது எப்போதோ? சரியான எண் 9.95. செட்டிங்கை டிகிரி, நிமிடம் என்று மாற்றி, எல்லாப் புள்ளிகளையும் மீண்டும் ஏற்றினோம்.

நீங்களும் கரையிலேயே ஒவ்வொரு புள்ளியையும் மேப்பில் டைப் செய்து, அது எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

மேலும் இரண்டு இலவச உதவிகள் உண்டு. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம், கடலின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக் கோள் வழியாகப் பார்த்து, மீன் கிடைக்கக் கூடிய இடங்களை அறிவிக்கிறது. மத்திய அரசு 2024 ஆகஸ்ட் 30இல் தொடங்கிய திட்டத்தில், ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் இலவசம். எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும் வசதியும் அதில் உண்டு. உங்கள் பகுதி மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

நண்பர் இப்போது போன் செய்தால் முதலில் மீன் கணக்குச் சொல்வதில்லை. "அண்ணே, புதுசா ரெண்டு புள்ளி குறிச்சிருக்கேன், மேப்புல போட்டுப் பார்த்துச் சொல்லுங்க" என்கிறார்.