ஓட்டுக்கு முன்னால் பட்டியல், ஓட்டுக்குப் பின்னால் வழக்கு

2024 மக்களவைத் தேர்தலில் விருதுநகரில் காங்கிரஸின் மாணிக்கம் தாகூர், தேமுதிகவின் விஜயபிரபாகரனை 4,379 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். தோற்ற தரப்பு மறு எண்ணிக்கை கேட்டது. பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட்டது. சாவடிவாரியாகப் பிரித்தால் ஒரு சாவடிக்குச் சில ஓட்டுகள்தான் வரும். 1967இல் விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில் காமராஜர் தோற்றதும் 1,285 ஓட்டில்தான்.

இவ்வளவு நெருக்கமான போட்டியில் கட்சி தன் வேட்பாளருக்கு என்ன செய்கிறது? அமெரிக்காவின் இரு பெரிய கட்சிகளும் இதற்கென்றே தேர்தல் குழுக்கள் வைத்திருக்கின்றன. நிதி திரட்டுவதும், வாக்களிப்பு விதிகளுக்காகக் கோர்ட் ஏறுவதும் அவற்றின் வேலை. நம் ஊரில் அது தலைமைக் கழகம், மாவட்டச் செயலாளர், பூத் கமிட்டி, வழக்கறிஞர் பிரிவு என்று பிரிந்து கிடக்கிறது.

பணத்தில் கட்சியின் கை நீளம். சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது; கட்சிக்கோ உச்சவரம்பே கிடையாது. நட்சத்திரப் பேச்சாளரின் பயணச் செலவும் வேட்பாளர் கணக்கில் ஏறாது. இந்த ஓட்டையை அடைக்காதவரை அந்த 40 லட்சம் வெறும் காகிதக் கணக்கு.

வழக்கில் நிலைமை வேறு. நாமக்கல்லில் தன் வேட்புமனு தள்ளப்பட்டதை எதிர்த்து பொன்னுசாமி தொடுத்த வழக்கில், தேர்தல் முடிந்த பிறகே முறையிட முடியும் என்று உச்ச நீதிமன்றம் 1952இல் தீர்ப்பளித்தது. முடிவு வந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். அதற்குப் பிறகும் காத்திருப்புதான். 2016இல் ராதாபுரத்தில் அதிமுகவின் இன்பதுரையிடம் 49 ஓட்டில் தோற்ற திமுகவின் அப்பாவு, 203 தபால் ஓட்டுகளைத் தள்ளியது தவறென்று வழக்குப் போட்டார். மறு எண்ணிக்கைக்கு உத்தரவு கிடைத்ததே 2019 அக்டோபரில். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது; இன்பதுரை பதவிக்காலம் முழுவதையும் முடித்தார்.

ஆகவே சண்டை போட வேண்டிய இடம் வாக்காளர் பட்டியல். 2025 நவம்பரில் எஸ்ஐஆர் எனும் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, அதை எதிர்த்து திமுக சார்பில் ஆர்.எஸ். பாரதி உச்ச நீதிமன்றம் போனார். ஆதரித்து அதிமுக போனது. வழக்கு நடக்கும்போதே டிசம்பர் 19இல் வரைவுப் பட்டியல் வந்தது. தமிழகம் முழுக்க 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர், இரட்டைப் பதிவு என நியாயமாக நீக்க வேண்டியவர்களும் விடுபட்டவர்களில் உண்டு. என் கவலை மற்றவர்களைப் பற்றியது.

சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கம் பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள் காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயும்போதுதான் வீடு திரும்புகிறார்கள். பகலில் திருத்தப் படிவத்தோடு வரும் வாக்குச்சாவடி அலுவலர் பார்ப்பது பூட்டிய கதவை. போன் போட்டாலும் பயனில்லை; ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. படிவமோ 2002 அல்லது 2005 பட்டியலில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருந்தது என்று கேட்டது. வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண் அதை யாரிடம் போய்க் கேட்பாள்?

இங்கேதான் சாவடிவாரியாகக் கட்சி நியமிக்கும் பாக முகவர் வேண்டும். தன் பாகத்துப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஆட்கள் வீட்டில் இருக்கும் ராத்திரி நேரத்தில் தெருத் தெருவாகப் போகக்கூடியவர் அவர். நாளொன்றுக்கு 50 படிவம் வரை திரட்டிக் கொடுக்க தேர்தல் ஆணையமே அவரை அனுமதித்தது. தன் கட்சிக்கு ஓட்டுப் போடாத வீட்டின் கதவையும் அவர் தட்ட வேண்டும்.

விடுபட்டவர்கள் படிவம் 6 கொடுத்துப் பெயரைச் சேர்க்கலாம். தேர்தல் அறிவித்த பிறகு, வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் கடந்துவிட்டால் எந்தப் பெயரையும் அந்தத் தேர்தலுக்குச் சேர்க்க முடியாது.